ஆன்கியில் பாடங்களைப் பிரித்து வைப்பது எப்படி: குரூப் 4 படிப்பில் என் நீண்ட நாள் அனுபவம்

ஆன்கி என்ற படிப்புச் செயலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கேள்வியும் விடையுமாகக் கார்டு எப்படிப் போடுவது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். போட்ட கார்டுகளை எப்படிப் பிரித்து வைப்பது என்ற கேள்வி, ஆயிரம் இரண்டாயிரம் கார்டு சேர்ந்த பிறகுதான் எழும். அதற்குள் நாள் தவறாமல் படிக்கிற பழக்கமே பலருக்கு விட்டுப்போய்விடுகிறது. நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதிக்கொண்டே டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவள். சில வருடங்களாக ஆன்கி தினமும் என் கையில் இருக்கிறது. இத்தனை நாளில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது: ஒரு கார்டு எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்பதைக் குறிச்சொல்லில் (டேக்) வைக்க வேண்டும். அதை எப்போது, எப்படி, எந்த வேகத்தில் படிப்போம் என்பதைத்தான் டெக்கில், அதாவது கார்டுகளைப் போட்டு வைக்கிற கட்டில், வைக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: ஆன்கி 2006 முதல் இருக்கிற இலவச மென்பொருள். டேமியன் எல்ம்ஸ் உருவாக்கியது. மறக்கப்போகிற சமயம் பார்த்து ஒவ்வொரு கேள்வியையும் திரும்பக் கேட்கும். ஆண்ட்ராய்டுக்கு ஆன்கிடிராய்டு இலவசம், கம்ப்யூட்டருக்கும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் ஒருமுறை காசு கட்ட வேண்டும். கார்டெல்லாம் போனிலேயே இருப்பதால் நெட் தேவையில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகிற ஊரில் இது பெரிய விஷயம். சிக்னல் வந்ததும் ஒத்திசைத்துக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆன்கியில் ஒரு கார்டு ஒரே ஒரு டெக்கில்தான் இருக்க முடியும். குறிச்சொல் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

எங்கள் மலையிலிருந்தே ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். 'இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் எது, எந்த ஆண்டு?' நீலகிரி, 1986. இது புவியியலா, சுற்றுச்சூழலா, தமிழ்நாடு பற்றிய பகுதியா? மூன்றும்தான். டெக்கில் பிரித்தால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மற்ற இரண்டையும் படிக்க உட்காரும்போது இந்தக் கார்டு வராது. குறிஞ்சியை எடுத்தால் இன்னும் சிக்கல். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது தாவரவியல். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைச் சொல்வது இலக்கியம். மலையும் மலை சார்ந்த இடமும் என்பது பொருள் இலக்கணம். இவற்றை வேறு வேறு டெக்கில் போட்டுவிட்டால் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. 'குறிஞ்சி' என்று ஒரு குறிச்சொல் இருந்தால் வேண்டும்போது எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

டெக்கில் பிரிப்பதில் இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. டெக்கின் பெயரே பாதி விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். ஒரு பயிற்சி மையம் கொடுத்த டெக் எங்கள் படிப்பு வட்டத்தில் கைமாறிக் கைமாறி எனக்கு வந்தது. பாடம், அதற்குள் பகுதி, அதற்குள் நூல் என்று கிளை கிளையாகப் பிரித்திருந்தார்கள். பார்க்க அழகு. உள்ளே ஒரு கார்டில் 'தொகுத்தவர் யார்?' என்று மட்டும் இருந்தது. எந்த நூலைத் தொகுத்தவர் என்பது டெக்கின் பெயரில்தான் இருந்தது. அந்தக் கார்டை டெக்கை விட்டு வெளியே எடுத்தால் கேள்வியே இல்லை. நூலகத்தில் கூடப் படிக்கிற தம்பி ஒருவன் அந்த டெக்கைத்தான் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எட்டுத்தொகை டெக்கைத் திறந்தா எல்லாமே தெரியுது. மாதிரித் தேர்வுல வந்தா மட்டும் போயிடுது."

"டெக் பேரைப் பார்த்துட்டுத்தானே பதில் சொல்ற? எல்லாத்தையும் கலந்து போட்டுட்டுச் சொல்லிப் பாரு."

கலந்து போட்டான். முதல் வாரம் மிகவும் சோர்ந்துபோனான். ஆனால் தேர்வு அப்படித்தானே இருக்கிறது? குரூப் 4 தாளில் 200 கேள்வி, மூன்று மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. பொது அறிவுப் பகுதியில் அரசியலமைப்புக் கேள்விக்கு அடுத்து வேதியியல் வரும், அதற்கடுத்து விடுதலைப் போராட்டம் வரும். இது எந்தப் பாடம் என்று யாரும் தலைப்புப் போட்டுக் கொடுக்கமாட்டார்கள். அதை நாமே கண்டுபிடிப்பதும் படிப்பில் ஒரு பங்கு. ஒரே பாடத்தை வரிசையாகப் படிக்கும்போது அந்தப் பங்குக்குப் பயிற்சியே கிடைப்பதில்லை.

இங்கே ஓர் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பெரிய டெக்குக்குள் பல கிளை டெக் வைத்துவிட்டு மேலே உள்ளதைத் திறந்தால், புதிய கார்டுகளை ஆன்கி கிளை வரிசைப்படிதான் எடுக்கும். முதல் கிளையில் நிறைய இருந்தால் அன்றைய ஒதுக்கீடு அதிலேயே தீர்ந்துவிடும். பெயர் அகர வரிசையில் கடைசியில் இருக்கிற பாவப்பட்ட பாடத்துக்கு மாதக் கணக்கில் முறையே வராது. டெக் அமைப்புகளில், புதிய கார்டு எடுக்கும் முறையை ராண்டம் என்று மாற்றினால் சரியாகிவிடும். ஒரே டெக்காக வைத்திருந்தால் கிளை வரிசை என்ற பேச்சே கிடையாது.

இப்போது என்னிடம் நான்கே டெக். 'தினம்' என்பதில் தமிழ், பொது அறிவு எல்லாம் கலந்து கிடக்கும். 'பேனா' என்பதில் திறனறிவுக் கணக்குகள். 'நடப்பு' என்பதில் நடப்பு நிகழ்வுகள். 'புதுசு' என்பதில் அவசரத்தில் போட்ட, இன்னும் சீர்செய்யாத கார்டுகள்.

ஏன் இந்த நான்கு? தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும் போன்ற கணக்குகளைப் பேனாவும் தாளும் இல்லாமல் போடக் கூடாது. போனை மட்டும் பார்த்துப் பதில் சொன்னால் வழிமுறை நினைவில் நிற்காது, அந்த எண் மட்டும்தான் நிற்கும். அதனால் மேஜையில் உட்காரும்போது மட்டும் 'பேனா'வைத் திறப்பேன். ஒரு கணக்குக்கு மூன்று நான்கு நிமிடம் போகும் என்பதால் நாளுக்கு மிகக் குறைவான புதிய கார்டு. ஆன்கி முதலில் வைத்துக்கொடுக்கிற அளவு நாளுக்கு 20 புதிய கார்டு, 200 திருப்புதல். 'தினம்' அதற்கு ஈடுகொடுக்கும், 'பேனா' கொடுக்காது. இப்படி வேகம் மாறுகிற இடத்தில்தான் டெக் மாற வேண்டும் என்பேன்.

'தினம்' டெக்கை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம், ஓடுகிற பஸ்ஸைத் தவிர. குன்னூர் ரோட்டு வளைவுகளில் தலையைக் குனிந்து போனைப் பார்த்தால் குமட்டும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, தொழிற்சாலையில் இலை லாரிக்குக் காத்திருக்கும்போது, இரவு கம்பளிக்குள். உறைபனிக் காலத்தில் விரல் மரத்துப்போகும். ஆன்கிடிராய்டில் கட்டுப்பாடுகள் என்ற பகுதியில் வால்யூம் பட்டனுக்கு 'தெரிந்தது', 'தெரியவில்லை' என்று ஒதுக்கிக்கொள்ளலாம். கையை வெளியே நீட்டாமலே நாற்பது ஐம்பது கார்டு முடியும்.

குறிச்சொற்களில் நான் மூன்று வகை வைத்திருக்கிறேன். முதலாவது பாடம்: இலக்கியம், அதற்குள் எட்டுத்தொகை என்று போகும். இரண்டு முக்காற்புள்ளி போட்டால் குறிச்சொல்லுக்கும் கிளை உண்டு. நடுவில் இடைவெளி மட்டும் விடக் கூடாது, அடிக்கோடு போட வேண்டும். இரண்டாவது மூலம்: எந்த வகுப்பு, எந்தப் புத்தகம். பாடப்புத்தகம் திருத்தப்படும்போதும் தேர்வின் பாடத்திட்டம் மாறும்போதும் இது உயிரைக் காப்பாற்றும். பாடத்திட்டத்தின் அலகுகளையே டெக்காக வைத்திருந்தவர்கள் அது மாறியபோது மொத்தத்தையும் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. எனக்குச் சில குறிச்சொற்களின் பெயரை மாற்றியதோடு வேலை முடிந்தது.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான் ஏன் தடுமாறுகிறேன் என்பதற்கான குறிச்சொல். 'குழப்பம்' என்று பெயர். தொட்டபெட்டா 2637 மீட்டர், ஆனைமுடி 2695 மீட்டர். 73ஆவது திருத்தம் ஊராட்சி, 1993 ஏப்ரல் 24 முதல். 74ஆவது நகராட்சி, 1993 ஜூன் 1 முதல். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் தெரியும், கலந்து கேட்டால் இடம் மாறும். நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி, தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ, அங்கே தொகுப்பித்தவர் பெயர் தெரியவில்லை. தேர்வில் இந்த இடத்தில்தான் கண்ணி வைப்பார்கள். எட்டு முறை மறந்த கார்டை ஆன்கி தானாகவே லீச் (அட்டை போல ஒட்டிக்கொண்டு நேரத்தை உறிஞ்சுவது) என்று குறிக்கும். அமைப்பில் சொல்லியிருந்தால் மேற்கொண்டு கேட்காமல் நிறுத்தியும் வைக்கும். அப்படி நின்ற கார்டுகளைப் பார்த்தால் என்னிடம் பெரும்பாலானவை இந்த மாதிரி ஜோடிகள். அவற்றுக்குக் குழப்பம் என்று குறித்து, இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கேட்கிற ஒரு கார்டைப் புதிதாக எழுதுவேன். 'நற்றிணை, குறுந்தொகை: எதில் தொகுத்தவர் தெரியும், எதில் தொகுப்பித்தவர் தெரியும்?' இப்படி எழுதிய பிறகு அந்த இடத்தில் நான் தடுமாறுவதில்லை.

தேர்வு நெருங்கும்போது ஃபில்டர்டு டெக் கைகொடுக்கும். ஒரு குறிச்சொல்லையோ, கடந்த ஏழு நாளில் தெரியவில்லை என்று அழுத்தியவற்றையோ தேடித் தற்காலிகமாக ஒரு டெக்காக்கலாம். படித்து முடித்ததும் கார்டுகள் தத்தம் வீட்டுக்குத் திரும்பிவிடும். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால், தேர்வுக்கு முன் இலக்கணத்தையும் குழப்பத்தையும் மட்டும் இப்படி எடுத்து ஓட்டுவேன்.

நடப்பு நிகழ்வுகளுக்கு வருடமும் மாதமும் குறிச்சொல். பதவியில் இருப்பவர் மாறிவிட்டால் அந்தப் பழைய கார்டுகளைத் தேடி, இனி கேட்காதபடி மொத்தமாக சஸ்பெண்ட் செய்துவிடலாம்.

2023இன் கடைசியில் வந்த 23.10 பதிப்பிலிருந்து எஃப்.எஸ்.ஆர்.எஸ் என்ற புதிய கணிப்பு முறை உள்ளேயே இருக்கிறது. அதற்கு முன் இருந்தது 1987இல் சூப்பர்மெமோ என்ற பழைய மென்பொருளுக்காக எழுதிய எஸ்.எம்.2 முறையின் வழிவந்தது. புதியது நம் பழைய பதில்களைப் பார்த்து நமக்கேற்றபடி இடைவெளியைக் கணிக்கும். டெக்குகளுக்கு நாம் வைக்கிற அமைப்புத் தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணிப்பு தனித்தனியாக நடக்கிறது. டெக்கைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு வைத்தால் ஒவ்வொன்றிலும் பழைய பதில்கள் கொஞ்சமாகத்தான் இருக்கும், கணிப்பும் சரியாக வராது. கேட்கிற கார்டுகளில் எத்தனை நினைவில் நிற்க வேண்டும் என்ற அளவு முதலில் 90 சதவீதம் என்று வரும். நான் அதை ஏற்றவில்லை. 95 ஆக்கினால் தினசரி வேலை தாங்காது.

குறைகளும் உண்டு. போனில் குறிச்சொல் போடுவது சிரமம். தமிழில் ஓர் எழுத்து மாறினாலும் புதிய குறிச்சொல் ஒன்று முளைத்துவிடும். அதனால்தான் 'புதுசு' டெக் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதிலுள்ளவற்றுக்குக் குறிச்சொல் போட்டு 'தினம்' டெக்குக்கு நகர்த்துவேன். எந்தப் பாடத்தில் பலவீனம் என்று முதல் திரையில் தெரியாது. கம்ப்யூட்டரில் புள்ளிவிவரப் பக்கத்தின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் குறிச்சொல்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். டெக் பிரித்து வைப்பவர்களுக்கு இந்த ஒரு விஷயம் சுலபம் என்பதை மறுக்கமாட்டேன்.

ஏற்கெனவே நூறு கிளையோடு டெக் வைத்திருப்பவர்கள் மாற்ற நினைத்தால், முதலில் மொத்தத்தையும் எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு கிளையையும் திறந்து எல்லாக் கார்டுகளுக்கும் அந்தக் கிளையின் பெயரைக் குறிச்சொல்லாகப் போட்ட பிறகு ஒரே டெக்குக்கு நகர்த்துங்கள். நகர்த்துவதால் இதுவரை படித்த கணக்கு அழியாது. ஆனால் காலியாகாத டெக்கை அழித்துவிடாதீர்கள். குறிச்சொல்லை அழித்தால் பெயர் மட்டும்தான் போகும், டெக்கை அழித்தால் உள்ளே இருக்கிற கார்டும் சேர்ந்து போய்விடும்.