லாங்கு பஜார் சந்து அச்சகம்: தேதியை எடுக்கச் சொல்லாத இடம்

வேலூரில் நோட்டீஸ் அடிக்க நல்ல இடம் எது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். லாங்கு பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மாடியில் இருக்கிற சின்ன ஆஃப்செட் அச்சகம் இது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், திருவிழா நோட்டீஸ்தான் அங்கே அன்றாட வேலை. நாங்கள் போனது மே தினக் கிராம சபைக்கு ஆள் கூப்பிட. எங்கள் ஊர் வாலாஜா பக்கம். போர் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, வாயில் வைக்க முடியவில்லை.

எழுதிக் கொண்டுபோனது காரமான விஷயம்தான். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது, 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து தொழிலாளர்கள் 10 பேர் செத்தது, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்கு மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது, இத்தனை வருஷம் அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி, எல்லாம் அதில் இருந்தது.

முதலில் போன வேறொரு அச்சகத்தில் இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கடைசி இரண்டு வரியில்தான் விரல் வைத்தார்கள். “மே 1, காலை 11 மணி, பஞ்சாயத்து அலுவலகம் எதிரில். வீட்டுக்கு ஒருவராவது வாங்க.”

“இதை மட்டும் எடுத்துடுங்கம்மா. ஆள் கூப்பிடற நோட்டீஸ்னா எங்கள கேக்காம அடிக்காதீங்கன்னு சொல்லி வச்சிருக்காங்க.”

யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கிராம சபை என்பது அரசாங்கமே வருஷத்துக்கு 6 முறை கூட்டுகிற சபை. அதற்கு வாங்க என்று சொல்வதற்கே இந்தத் தயக்கம் என்றால் எனக்கு வயிறு எரிந்தது.

சீனாவில் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள். அங்கே இணையத்தில் நீக்கப்படும் பதிவுகளைச் சேகரித்து கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தலைவர்களைத் திட்டுகிற பதிவு பல சமயம் அப்படியே கிடக்கிறதாம். ஜனங்களை ஒன்றுசேர்க்கக்கூடிய விஷயம் என்றால், அரசைப் புகழ்ந்து எழுதியிருந்தாலும் தூக்கிவிடுகிறார்களாம். படித்தபோது எனக்கு அந்த இரண்டு வரிதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றிப் புலம்பாத வீடு கிடையாது. எல்லா வீடும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்ததுதான் இல்லை.

சரி, இந்த அச்சகத்துக்கு வருகிறேன். உரிமையாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். “தேதி சின்னதா இருக்கேக்கா, வயசானவங்க எப்படிப் படிப்பாங்க?” என்று கேட்டு, அதைத் தூக்கி மேலே கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் வைக்கச் சொன்னார். டிடிபி அடிக்கிற பெண் ‘காலை 11 மணி’யை விட்டுவிட்டார். புரூஃபில் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பிடித்தது உரிமையாளர்தான். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் வந்தன. அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்னது 1867ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம், 2024இல்தான் அது ரத்தானது. அச்சகக்காரரைக் கண்காணிக்கத்தான் அதைக் கொண்டுவந்தான். அடிப்பதற்கு முன்னால் கொண்டுவந்து காட்டி அனுமதி வாங்கு என்று அந்தச் சட்டம்கூடச் சொன்னதில்லை. தன் பெயரைத் தைரியமாகப் போட்ட இவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்று என் மகன் கேட்டான். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே அங்கேயும் நெல்லையிலும் கன்னியாகுமரியிலும் இணையத்தைத் துண்டித்தார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் போன் ஊமையாகிவிட்டது. ரேஷன் கடை கவுண்டரிலும் பால் சொசைட்டியிலும் வைத்த மஞ்சள் தாளை அப்படி ஒரே உத்தரவில் அணைக்க முடியாது. எங்கள் நோட்டீஸைப் பார்த்து ஜனம் வந்தது. தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்ற தீர்மானமும் புத்தகத்தில் ஏறியது.

குறைகளும் உண்டு. போனில் யூனிகோடில் அடித்து அனுப்பினால் அவர்கள் மென்பொருளில் எழுத்து உடைகிறது. மறுபடி டைப் செய்யும்போது ஒற்றுப்பிழை நிறைய விழுகிறது. மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் கூட ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். வைகாசி முகூர்த்த நேரத்தில் சொன்ன நாளுக்குக் கிடைக்காது.

ஒரே கலரில் 1,000 நோட்டீஸுக்கு 1,100 ரூபாய் வாங்கினார். கலர் தாள் கேட்டால் கொஞ்சம் கூட ஆகும். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பார், ரசீது தருவார். புரூஃப் பார்க்காமல் பிளேட் போடச் சொல்லாதீர்கள், முக்கியமாகத் தேதி, நேரம், இடம் மூன்றையும் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.