பிலடெல்பியாவைப் பிப்ரவரியில் பாருங்கள்

அமெரிக்காவின் பழைய நகரங்களில் ஒன்றுக்குத்தான் போக முடியும், எதற்குப் போகட்டும் என்று யாராவது கேட்டால் பிலடெல்பியா என்பேன். எப்போது போகட்டும் என்று கேட்டால் ஜனவரிக் கடைசி, இல்லையென்றால் பிப்ரவரி என்பேன். முதல் பதிலுக்குத் தலையாட்டுபவர்கள் இரண்டாவதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். குளிர்தான், மறுக்கவில்லை. பகலில் 4, 5 டிகிரி செல்சியஸ், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே, டெலவர் ஆற்றுப் பக்கம் போனால் காற்று வேறு காதைப் பிடுங்கும். ஆனால் இந்த ஊரில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் சின்ன அறைகளும் குறுகிய சந்துகளும்தான். கூட்டம் நிறைந்துவிட்டால் அங்கே பார்க்க ஒன்றும் மிஞ்சாது, முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர. கோடையிலும் பார்த்திருக்கிறேன், குளிரிலும் பார்த்திருக்கிறேன், அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் இண்டிபெண்டன்ஸ் ஹால். 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றதும், 1787இல் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியதும் ஒரே கட்டடத்தில், ஒரே அறையில். மார்ச் முதல் டிசம்பர் வரை உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். டிக்கெட் இலவசம், இணையத்தில் முன்பதிவு செய்தால் 1 டாலர் கட்டணம், கோடையில் அது கிடைப்பதே பெரும்பாடு. ஜனவரி, பிப்ரவரியில் வழக்கமாக டிக்கெட்டே கேட்பதில்லை, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிப் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். (கிளம்பும் முன், இந்த இடங்களை நிர்வகிக்கிற தேசியப் பூங்காத் துறையின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இந்த விதிகளை மாற்றுவது உண்டு.) நான் போன காலையில் எங்கள் குழுவில் ஆட்களே குறைவு. சுற்றிக் காட்டுகிற பூங்காத் துறை ஊழியரான ரேஞ்சர் அவசரப்படவில்லை, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார், ஜூலையில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

உள்ளே முதலில் நீதிமன்ற அறை. நடைக்கூடத்தைப் பார்த்த பக்கத்தில் அதற்குக் கதவே கிடையாது, வளைவுகள் மட்டும்தான், வழக்கு நடப்பதை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். அதற்கு நேர் எதிரே, பிரகடனத்தை ஏற்று அரசியலமைப்பை எழுதிய அந்த அறை. இவ்வளவுதானா என்று தோன்றும், அவ்வளவு சின்னது. பச்சைத் துணி விரித்த மேசைகள், மர நாற்காலிகள், இறகுப் பேனாக்கள். இவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்துப் பொருட்களே தவிர அன்று அங்கே இருந்தவை அல்ல. முன்னால் உயரமாக இருக்கிற நாற்காலி மட்டும் அசல், 1787இல் வாஷிங்டன் உட்கார்ந்து கூட்டத்தை நடத்தியது. அதன் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். அது உதிக்கிற சூரியனா மறைகிற சூரியனா என்று கூட்டம் நடந்த நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருந்ததாகவும், கையெழுத்தானபோதுதான் அது உதிக்கிற சூரியன் என்று தெரிந்ததாகவும் பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்ன கதை எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் அந்தச் செதுக்கலில் சூரியனுக்குக் கண்ணும் மூக்கும் இருப்பது கம்பித் தடுப்பருகே நின்று நிதானமாகப் பார்த்தால்தான் தெரிகிறது. 1865இல் லிங்கனின் உடலையும் இதே அறையில்தான் வைத்திருந்தார்கள். இதைக் கேட்டதும் யாரும் பேசவில்லை, ரேஞ்சரும் சற்று நேரம் எங்களை அப்படியே விட்டுவிட்டார். இந்த ஓர் அறைக்காக மட்டுமே அந்தக் குளிரில் போகலாம்.

எதிரே லிபர்ட்டி பெல், அதாவது விரிசல் விட்ட விடுதலை மணி. இதற்கு எந்த மாதத்திலும் டிக்கெட் இல்லை, கட்டணம் இல்லை. கோடையில் நுழைவதற்குள் கால் கடுத்துவிடும், குளிர்காலத்தில் நேராக உள்ளே போகலாம், போய் மணிக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கிட்டப் போய் அந்த விரிசலைப் பாருங்கள். படங்களில் நாம் பார்க்கிற அகலமான பிளவு உண்மையில் பழுது பார்த்த தடம். மெல்லிய விரிசல் மேலும் ஓடாமல் இருப்பதற்காக 1846இல் அதை வேண்டுமென்றே துளையிட்டு அகலப்படுத்தினார்கள், துளைக்கருவியின் வரிசையான பற்குறிகள் பிளவின் ஓரத்தில் இன்னும் இருக்கின்றன. பலிக்கவில்லை. அந்தப் பிளவுக்கு மேலே மயிரிழைபோல இன்னொரு விரிசல் ஓடுகிறதே, அதுதான் மணியை ஊமையாக்கியது. மணியின் மேல் 'பென்சில்வேனியா' என்ற பெயரில் ஓர் எழுத்து குறைகிறது, திரும்ப வார்த்தவர்களான பாஸ், ஸ்டோ இருவரின் பெயரும் ரோம எண்களில் 1753 என்ற ஆண்டும் இருக்கின்றன. இந்த மணிக்கு 'விடுதலை மணி' என்று பெயர் வரக் காரணம் 1776 அல்ல, 1830களில் அடிமை முறையை எதிர்த்தவர்கள்தான் அதைத் தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்டு அப்படி அழைத்தார்கள்.

அதைத் தெரிந்துகொண்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே, ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கிற முனையில், வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்து வாழ்ந்த வீட்டின் மனை. திறந்தவெளி. குளிருக்குப் பயந்து பலரும் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த வீட்டில் அவர் ஒன்பது பேரை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க பென்சில்வேனியா 1780இல் சட்டம் இயற்றியிருந்தது, அதன்படி வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் இங்கே ஆறு மாதம் தொடர்ந்து இருந்தால் விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்பக் கூட்டிவந்தார். ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796இல் இந்த வீட்டிலிருந்து தப்பிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போனாள், கடைசிவரை பிடிபடவில்லை. தோண்டியபோது கிடைத்த அஸ்திவாரச் சுவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். விடுதலை மணிக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே எத்தனை அடி தூரம் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தப் பயணத்தில் என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான்.

சரி, குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சீசன் இல்லாத நாட்களில் எல்லாக் கதவும் திறந்திருக்காது. பிராங்க்ளினைப் புதைத்த கிறைஸ்ட் சர்ச் கல்லறைத் தோட்டம் ஜனவரி, பிப்ரவரியில் மூடியிருக்கும். ஆனால் ஐந்தாவது தெருவும் ஆர்ச் தெருவும் சேருமிடத்தில் மதில் சுவரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கம்பி போட்டிருக்கிறார்கள், நடைபாதையில் நின்றே கல்லறையைப் பார்த்துவிடலாம், மேலே ஆட்கள் வீசிப்போன ஒரு சென்ட் காசுகள் கிடக்கும். எல்ஃப்ரெத்ஸ் ஆலி என்ற பழைய சந்தில் இருக்கிற சின்ன அருங்காட்சியக வீடும் நான் போனபோது பூட்டிக் கிடந்தது. ஊரைச் சுற்றிக் காட்டுகிற ஊதா நிற ஃப்ளாஷ் பஸ் குளிர்காலத்தில் ஓடுவதில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, பொழுது சீக்கிரம் போய்விடுவது. ஜனவரியில் 5 மணிக்கே இருட்டிவிடும், பூங்காக் கட்டடங்களும் அதே நேரத்தில்தான் மூடுகின்றன, அப்புறம் அந்தப் பழைய பகுதி முழுக்க ஆள் நடமாட்டம் இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே காலை 9 மணிக்கே கிளம்பிவிடுங்கள், பத்து மணிவரை தூங்குகிறவர்களுக்கு இந்தப் பருவம் சரிப்படாது. பனிப்புயல் என்று அறிவிப்பு வந்தால் அன்றைய திட்டத்தை மறந்துவிட வேண்டும், ஒரு நாளாவது உபரியாக வைத்துக்கொள்வது நல்லது.

அருங்காட்சியகம் மூடியிருந்தாலும் எல்ஃப்ரெத்ஸ் ஆலிக்குப் போகாமல் வராதீர்கள். 1700களின் தொடக்கத்திலிருந்து ஆட்கள் தொடர்ந்து குடியிருக்கிற சந்து, 32 செங்கல் வீடுகள், அருங்காட்சியகத்தைத் தவிர்த்தால் இன்றைக்கும் அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வீடு. கோடையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக ஆட்கள் நிற்பார்கள், பிப்ரவரிக் காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வந்த ஒருவரும் நானும் மட்டும்தான். மாடி ஜன்னல்களில் சிலவற்றில் இரும்புக் கம்பியில் சின்னக் கண்ணாடிகள் பொருத்தியிருக்கும். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கீழே இறங்காமலே பார்த்துக்கொள்ள அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. அப்புறம் கதவுக்கு மேலே, சுவரில், சின்ன உலோகப் பட்டயங்களைத் தேடுங்கள். நான்கு கைகள் ஒன்றையொன்று மணிக்கட்டில் பிடித்திருக்கிற பட்டயம் பிராங்க்ளினும் நண்பர்களும் 1752இல் தொடங்கிய தீக்காப்பீட்டுச் சங்கத்தின் அடையாளம். மரம் போட்ட பட்டயம் 1784இல் வந்த போட்டிச் சங்கத்தினுடையது, வீட்டு வாசலில் மரம் இருந்தால் காப்பீடு தர மாட்டோம் என்று முதல் சங்கம் சொன்னதால், மரம் வைத்திருந்தவர்கள் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். சொசைட்டி ஹில் பகுதித் தெருக்களிலும் இவை நிறைய உண்டு, அவற்றைத் தேடிக்கொண்டே ஒரு மதியத்தைக் கழிக்கலாம். தரை கல் பாவியது, பனி உறைந்தால் வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ கட்டாயம் வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

கை விறைத்துப் போனால் ஒதுங்க ரீடிங் டெர்மினல் மார்க்கெட் இருக்கிறது. 1893இல் ரயில் நிலையத்துக்கு அடியில் தொடங்கிய சந்தை, ரயில் போய்விட்டது, சந்தை அப்படியே இருக்கிறது. இது மட்டும் எந்தப் பருவத்திலும் மதியம் நிரம்பி வழியும், உட்கார இடம் கிடைக்காது, அதனால் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். நவீன வசதிகளை ஒதுக்கி எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகத்தினரான ஆமிஷ் மக்கள் நடத்துகிற கடைகள்தான் இங்கே விசேஷம், ஞாயிற்றுக்கிழமை அவை திறக்காது. மில்லர்ஸ் ட்விஸ்டில் மாவைக் கயிறுபோல உருட்டி, ஒரே சுழற்றில் முடிச்சுப் போட்டு, சுட்டு எடுத்து வெண்ணெய் தடவிச் சூடாகத் தருகிற பிரெட்சலை நின்றுகொண்டே சாப்பிட்டேன், பிலடெல்பியாவில் நான் சாப்பிட்டதில் அதற்கே முதலிடம். பெய்லர்ஸ் டோனட்டும் நன்றாகத்தான் இருந்தது, இனிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். 1861இலிருந்து இருக்கிற பாசெட்ஸ் ஐஸ்கிரீம் கடையில் அந்தக் குளிரிலும் ஆட்கள் நின்று வாங்குகிறார்கள். ஊரின் பெயர்பெற்ற சீஸ்ஸ்டேக் சாண்ட்விச்சில் இருப்பது மாட்டிறைச்சி, அதைச் சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும் இந்தச் சந்தைக்குள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இப்போது அருங்காட்சியகமாக இருக்கிற பழைய ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலைக்குக் குளிர்காலத்தில் போவது சரியா என்று யோசித்துத்தான் போனேன். உள்ளே சூடேற்றும் வசதி இல்லை, வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு. ஆனால் மனிதனைத் தனியாக அடைத்து வைத்தால் அவன் மனம் திருந்துவான் என்று நம்பிக் கட்டி 1829இல் திறந்த இடத்தை வசதியான வெயிலில் பார்ப்பதைவிட இப்படிப் பார்த்தது எனக்கு நன்றாகப் புரிய வைத்தது. நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி விரிகிற நடைகள், காரை உதிர்ந்த அறைகள், ஒவ்வொரு அறைக்கும் கூரையில் ஒரே ஒரு திறப்பு, அதில் விழுகிற வெளிச்சம். 1842இல் இங்கே வந்த சார்லஸ் டிக்கன்ஸ் இந்தத் தனிமை முறையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். குற்றக் கும்பல் தலைவன் அல் கபோன் 1929இல் அடைபட்ட அறையின் முன்னால் மட்டும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், மற்ற நடைகளில் என் காலடிச் சத்தம்தான். நடிகர் ஸ்டீவ் புஸ்செமியின் குரலில் ஒலிவழிகாட்டி உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுப் போங்கள்.

தங்குமிடம், போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக. அறை வாடகை கோடையைவிடக் கண்கூடாகக் குறைவு, பழைய பகுதியிலேயே நடக்கும் தூரத்தில் எடுத்துவிடுங்கள். நாங்கள் எடுத்த அறையில் ஹீட்டர் இரவு முழுக்கக் கடகடத்தது, வேறு அறை கேட்டும் மாற்றித் தரவில்லை, நீங்கள் உள்ளே நுழைந்ததும் அதை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள். கார் வேண்டாம், நிறுத்துவதற்கே பணம் கரையும். விமான நிலையத்திலிருந்து செப்டா ரயில் நேராக நகர மையத்துக்கு வருகிறது, வங்கி அட்டையைத் தட்டியே கட்டணம் கட்டலாம். நியூயார்க்கிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கனமான கோட்டு கைவசம் இல்லாதவர்கள் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், பென்சில்வேனியாவில் அன்றாட உடைகளுக்கு விற்பனை வரி இல்லை.

தேதி குறிக்கும்போது ஜனவரி மூன்றாவது திங்களும் பிப்ரவரி மூன்றாவது திங்களும் விடுமுறை என்பதைக் கவனியுங்கள், அந்த நீண்ட வார இறுதிகளில் உள்ளூர்க் கூட்டம் வந்துவிடும். மார்ச் தொடக்கத்தில் மலர்க் கண்காட்சி, அறை வாடகை ஏறும், இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்கும் டிக்கெட் தொடங்கிவிடும். நடுவில் இருக்கிற வார நாட்களாகப் பார்த்துப் போடுங்கள், செவ்வாய் முதல் வெள்ளி வரை கிடைத்தால் ரொம்ப நல்லது.