'குளிர்கால வெங்காயக் கிட்' வாங்குமுன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஐப்பசியில் பாளையங்கோட்டைப் பக்கம் வீடு வீடாக வந்து விற்ற மாடித்தோட்டக் கிட் இது. விலை 349 ரூபாய். உள்ளே நடுவதற்குக் கால் கிலோ 'விதை உள்ளி' (சின்ன வெங்காயம்), ஒரு பாக்கெட் பல்லாரி (பெரிய வெங்காயம்) விதை, 5 கிலோ மண்கலவை. பத்து சதுர அடிக்குப் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. மாசி பிறந்தும் ஒரு கறிக்குத் தேறவில்லை. விற்றவர் பேரை நான் இங்கே எழுதவில்லை. அடுத்த வருசம் வேறு பேரில்தான் வரும்.

பெரிய மோசடி பல்லாரி விதைதான். முளைக்காத விதை என்றால் பத்து நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும். இது முளைத்தது, நாற்றும் நன்றாக வந்தது, நட்டபின் தாள் முழங்கை நீளம் வளர்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் கட்டைவிரல் மொத்தத்தில் கழுத்து, கீழே வேர். காய், அதாவது வெங்காயம், இல்லை. பாக்கெட்டில் இருந்தது குளிர்நாட்டு ரகம். வெங்காயம் எப்போது காய் கட்டும் என்பதைப் பெரும்பாலும் பகலின் நீளம்தான் தீர்மானிக்கிறது; அந்த ரகங்களுக்கு 14 மணி நேரம் வேண்டும். திருநெல்வேலியில் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனியிலேயே பன்னிரண்டே முக்காலைத் தொடாது. கேட்டதற்கு "பொட்டாஷ் பத்தல" என்று சொல்லி ஒரு உரப் பாட்டிலையும் தலையில் கட்டினார்கள். பொட்டாஷ் பகலை நீட்டாது.

பாக்கெட்டில் தேங்காய் அளவு மஞ்சள் வெங்காயப் படம் இருந்தாலே சந்தேகப்படுங்கள். ரகத்தின் பெயர், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த நாள், செல்லுபடி நாள், முளைப்புத்திறன் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். வெங்காய விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம். வீட்டிலேயே 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து 12-ம் நாள் எண்ணிவிடலாம். ஒரு வருசம் சாதாரணமாகக் கிடந்த வெங்காய விதையை நம்பவே வேண்டாம். பல்லாரியில் என்-53 மாதிரி, நம்மூர்க் குறைந்த பகலிலேயே காய் கட்டும் குறும்பகல் ரகமாகக் கேளுங்கள்.

அடுத்தது உள்ளி. கால் கிலோவில் 38 காய். 10 செ.மீ. இடைவெளியில் பத்து சதுர அடிக்குத் தொண்ணூறுக்கு மேல் வேண்டும், அதாவது அரை கிலோவுக்கும் கூட. அந்த 38-லும் ஒன்பது கழுத்தை அழுத்தினால் கொழகொழ. தோலுக்கடியில் கரித்தூள் மாதிரிக் கரும்பூஞ்சை. மிச்சத்தில் பாதி மூன்று வாரம் ஆகியும் எழும்பவில்லை. காரணம், வயலிலிருந்து எடுத்த சூட்டோடு கட்டிக் கொடுத்த பச்சைக் காய். எடுத்த உள்ளிக்கு உறக்கம் கலைய வேண்டும். பட்டறையில் (காற்றோட்டமாகக் குவித்து வைக்கும் இடம்) ரெண்டு மாசமாவது கிடந்திருந்தால் நல்லது. வாங்குமிடத்திலேயே ஒரு காயை நெடுக்காக வெட்டச் சொல்லுங்கள். நடுவில் பச்சைக் குருத்து பாதி உயரத்துக்கு ஏறியிருந்தால் நட்ட ஒரு வாரத்தில் தாள் விடும். அடியில் வெள்ளையாகப் புள்ளி போல ஒட்டிக்கிடந்தால் இன்னும் உறக்கம்தான். பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் உள்ளி போடும் சம்சாரிகளிடம் (விவசாயிகளிடம்) பழைய காய் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

மண்கலவை முக்கால்வாசி கழுவாத தேங்காய்நார்க் கழிவு. உப்பும் இருக்கும், அடைமழையில் தண்ணீரையும் பிடித்து வைக்கும்; அடி அழுகல் வராமல் என்ன செய்யும்? செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய தொழுவுரம் ஒன்று. அது போதும். கார்த்திகை மழை ஓய்ந்தபின் கழுத்து வெளியே தெரியும்படி நட்டால் 65, 70 நாளில் தாள் சாயும். எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். விதை என்பதால் விதை ஆய்வாளரிடமும் எழுதிக் கொடுக்கலாம். ரசீது கட்டாயம் வேண்டும். எந்த விதை வாங்கினாலும் விதைக்கும் முன்பே கொஞ்சத்தைப் பாக்கெட்டோடு எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் தொட்டியில் தூவிவிட்டு வெறும் பாக்கெட்டைக் கொண்டுபோனால் பரிசோதிக்க அதில் ஒன்றும் இருக்காது.