தலைக்கட்டு வரியா, தருமசாலையா, நூலக வரியா?

ஊரில் மாலைநேர இலவச வகுப்போ வாசகசாலையோ தொடங்க நினைப்பவர்கள் முதல் கூட்டத்திலேயே முட்டிக்கொள்வது பணத்தில்தான். "வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டுடலாமே" என்பார் ஒருவர். பழகிய வழி அது. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போட்டுத்தானே பந்தலும் மேளமும் வருகின்றன.

அந்த வரிக்கு ஒரு பலம் உண்டு. கொடுத்தவர் எவரும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். சிக்கலும் அங்கேதான். கூலிக்காரருக்கும் கடைக்காரருக்கும் பெரும்பாலும் ஒரே தொகை. பாக்கி வைத்தவருக்கு மரியாதை கிடையாது. இன்னொன்று இதைவிட மோசம். சில ஊர்களில் தலித் குடும்பங்களிடம் வரியே வாங்குவதில்லை. வெளியூர்க்காரருக்கு அது சலுகை மாதிரி தெரியும். 'உனக்கு இந்த விழாவில் பங்கில்லை' என்று சொல்லாமல் சொல்கிற வழி அது. ஆக, கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் எல்லோரும் உள்ளே வந்துவிட மாட்டார்கள்.

வடலூர் இதற்கு நேர் எதிர். வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமசாலையில் இன்றும் அடுப்பு எரிகிறது. அரிசியும் பணமும் எங்கெங்கிருந்தோ வருகின்றன. பந்தியில் உட்காருபவரிடம் சாதியும் கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை. ஆனால் வள்ளலார் பெயருக்கு வரும் நன்கொடை நேற்றுத் தொடங்கிய வாசகசாலைக்கு வருமா? வந்தாலும், ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர் அதன்மேல் பாதி வெளிச்சம் மறையும் அளவுக்கு 'உபயம்' எழுதச் சொல்வார்.

எனக்குப் பிடித்தது நூலக வரி. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீட்டுக்காரர் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவரும் வீடே இல்லாதவரும் கிளை நூலகத்தில் பேப்பர் படிக்கிறார்கள். யார் கட்டினார் என்பது நூலகருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முன்பணம் கட்டவேண்டியிருப்பது ஒரு குறை. வசூலித்த உள்ளாட்சிகள் அதை நூலகத்துக்குத் தராமல் நிலுவை வைப்பது பெரிய குறை.

தெருக் குழுவால் வரி போட முடியாது, சரி. நூலக வரியின் ஏற்பாட்டைக் காப்பியடிக்கலாமே. வசூல் நோட்டு பொருளாளரிடம், வருகைப் பதிவேடு ஆசிரியரிடம். இரண்டும் ஒரே மேசைக்கு வரக்கூடாது. மாத வரவு செலவைப் பலகையில் எழுதி, பைசா தராத வீட்டாருக்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டென்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிட வேண்டும்.