பருவுக்கு எது: சாலிசிலிக்கா, பென்சாயிலா?

பரு வருகிற முகத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், என்னைப் பொறுத்தவரை போட்டி சாலிசிலிக் ஆசிடுக்கும் பென்சாயில் பெராக்சைடுக்கும்தான்.

எதை வாங்குவது என்பதைக் கண்ணாடியே சொல்லிவிடும். மூக்கைச் சுற்றிக் கரும்புள்ளி, நெற்றியில் பொடிப்பொடியாக வெண்புள்ளி என்றால் சாலிசிலிக். எண்ணெயில் கரைகிற ஆசிட் என்பதால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். 2 சதவீதம் இருந்தால் போதும்.

சிவந்து, சீழ் வைத்து, தொட்டாலே வலிக்கிற பருவா? அங்கே பென்சாயில்தான் கெட்டி. பருவில் பங்குள்ள பாக்டீரியாவைக் கொல்லும். ஆன்டிபயாடிக்குக்குப் பழகிப்போவதைப் போல பாக்டீரியா இதற்குப் பழகுவதில்லை. 2.5, 5, 10 என்று சதவீதம் ஏறும். 10 போட்டால் சீக்கிரம் போய்விடும் என்று நானும் நினைத்தேன். தோல் உரிந்ததுதான் மிச்சம். 2.5 கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், எரிச்சலும் குறைவு. அப்புறம், இது துணியை வெளுக்கும். என் நீலத் தலையணை உறையில் கன்னம் படும் இடம் மட்டும் வெளிறித் திட்டாகிவிட்டது. இப்போது வெள்ளை உறைதான்.

சரி, காசு? சாலிசிலிக்கை ஃபேஸ்வாஷாக வாங்கினால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். முகத்தில் தங்குகிற ஜெல்லோ சீரமோ மேல். பென்சாயில் ஃபேஸ்வாஷ் ஓரிரு நிமிடம் வைத்துக் கழுவினாலும் பலன் தரும். எதுவானாலும் 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். ஆரம்பத்திலேயே இரண்டையும் ஒரே இரவில் பூசாதீர்கள். மிச்சப் பணத்துக்கு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.