எட்ஜ் பேண்ட் கை ட்ரிம்மர்: நாலரை வருடமும் ஆறு செட் ப்ளேடும்

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு மாடுலர் கிச்சன் பட்டறை வைத்திருக்கிறேன். என்னோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பலகையின் வெட்டிய விளிம்பை மூட பிளாஸ்டிக் டேப் (எட்ஜ் பேண்ட்) ஒட்டுவோம். அதை ஒட்டிச் சீவும் எட்ஜ் பேண்டிங் மெஷின் எங்களிடம் கிடையாது. பசை தடவி, கையால் ஒட்டி, கையால்தான் சீவுகிறோம். 2021 தை மாதம் 450 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பிளாஸ்டிக் கை ட்ரிம்மர்தான் இன்றுவரை ஓடுகிறது. இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடித்தால் பலகையின் கனத்துக்கு ஏற்றபடி சுருங்கி, டேப்பின் இரண்டு ஓரத்தையும் ஒரே தள்ளலில் சீவும் வகை. அதன் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ப்ளேடு மட்டும் ஆறு செட் மாற்றிவிட்டேன். அதனால் இந்த ட்ரிம்மரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதெல்லாம் ப்ளேடைப் பற்றித்தான்.

18 மி.மீ. பிளைவுட்டில் வெளியே 1 மி.மீ. மைக்கா, உள்ளே 0.8 லைனர் (உள்பக்க மைக்கா) ஒட்டினால் கனம் கிட்டத்தட்ட 20 வரும். டேப்பின் அகலம் 22. ஆக, பக்கத்துக்கு ஒரு மில்லிதான் சீவ வேண்டியிருக்கும். இதற்குப் போய் ப்ளேடு மழுங்குமா என்று கேட்டவர்கள் உண்டு. நானே முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். பிவிசி டேப்பில் வெறும் பிளாஸ்டிக் மட்டும் இல்லை, சுண்ணாம்புத் தூளும் கலந்திருக்கும். போதாததற்குக் காய்ந்த பசை, மைக்காவின் விளிம்பு. இவை மூன்றும் சேர்ந்து ப்ளேடின் கூர்மையைத் தின்றுவிடும்.

மழுங்கியது நமக்கு உடனே தெரியாது என்பதுதான் இதில் பெரிய சங்கடம். கை தானாகவே கொஞ்சம் கூடுதலாக அழுத்திக்கொள்ளும், வேலையும் நடந்துகொண்டிருக்கும். நல்ல ப்ளேடு சீவும்போது டேப் அறுபடாமல் ஒரே நூலாகச் சுருண்டு வரும். ஷட்டரின் (அலமாரிக் கதவின்) ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே சுருள், காலடியில் விழும். மழுங்கினால் அந்தச் சுருள் துண்டு துண்டாக உடையும், அப்புறம் தூள் தூளாக வரும். கறுப்பு, அடர் காப்பி நிற டேப் என்றால் சீவிய ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழும். பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் இழுபட்டதற்கான அடையாளம் அது. ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) லேசாகக் காட்டினால் கோடு மறைந்துவிடும். முதல் வருடம் முழுக்க அப்படி மறைத்து மறைத்தே வேலையை அனுப்பினோம்.

2022 ஆடியில், எட்டு மாதம் முன்பு கிச்சன் செய்து கொடுத்த ஓர் அம்மா போன் செய்தார். "ஏனுங்க தம்பி, சிங்க்குக்குக் கீழ அந்தப் பட்டை வாயைப் பிளந்துட்டு நிக்குதுங்க, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் மூன்று ஷட்டரில் டேப் ஓரம் தூக்கியிருந்தது. முதலில் பசையைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் நடுவில் பிடி அப்படியே இருந்தது, நகத்தால் நெம்பினாலும் வரவில்லை. இரண்டு ஓரத்திலும் ஒரு மில்லி, ஒன்றரை மில்லி அகலத்துக்கு மட்டும் விட்டிருந்தது. அது ட்ரிம்மர் ஓடிய இடம். மழுங்கிய ப்ளேடு டேப்பை வெட்டவில்லை, இழுத்திருக்கிறது. இழுத்த இழுப்பில் ஓரத்தில் பசைப் பிடி விட்டு, அந்த மயிரிழை இடைவெளியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூன்று ஷட்டரையும் கழற்றி வந்து புது டேப் ஒட்டிக் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் காசு வாங்கவில்லை. அன்று சாயங்காலமே டவுன்ஹால் பக்கம் போய் ப்ளேடு தேடினேன்.

தேடும்போது பழைய ப்ளேடைக் கையோடு கொண்டுபோவது நல்லது. நீளம், அகலம், கனம், திருகு ஓட்டையின் இடம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பொருத்தினால் கால் மில்லி தள்ளி நிற்கும்.

கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் மொத்தம் நான்கு ப்ளேடு, பாதிக்கு இரண்டு. ஒன்று முன்னால் தள்ளும்போது வெட்டும், மற்றது பின்னால் இழுக்கும்போது வெட்டும். உடம்பை இரண்டு பாதியாகப் பிரிக்கும்போது நடுவிலிருக்கும் ஸ்பிரிங் எகிறும், அதனால் ஒரு துணியை மேலே போட்டுப் பிரிக்கிறேன். முதல் தடவை சரிவுப் பக்கத்தை மாற்றிப் பொருத்திவிட்டேன். ப்ளேடின் தட்டைப் பக்கம் பலகையை ஒட்டி இருக்க வேண்டும், சரிவு வெளியே. மாறினால் நுனி மைக்காவுக்குள் இறங்கிக் கீறிவிடும். வெள்ளை மைக்காவில் விழுந்த அந்தக் கீறலை எதை வைத்தும் எடுக்க முடியவில்லை, ஷட்டரையே மாற்ற வேண்டியதாயிற்று.

புது ப்ளேடின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் சிலதில் பிசிறு தட்டும். அப்படியே பொருத்தினால் சரியாக உட்காராது. எண்ணெய்க்கல்லில் தட்டையாக வைத்து நாலைந்து தேய்ப்பு தேய்த்தால் போதும்.

அடுத்தது மட்டம் பார்ப்பது. முழு நேரத்தையும் இதற்குக் கொடுத்தாலும் தப்பில்லை. திருகு ஓட்டையில் ப்ளேடு மயிரிழை ஆடும், நமக்கிருக்கும் வசதி அது ஒன்றுதான். ஒரு கண்ணாடித் துண்டை மேசையில் வைத்து, ட்ரிம்மர் பாதியை உள்முகம் கண்ணாடியில் படும்படி வைக்கிறேன். ப்ளேடு வரும் இடத்தில் மட்டும் சாதாரண ஜெராக்ஸ் தாளில் ஒரு கீற்றுச் சொருகி, ப்ளேடு அதன்மேல் படிந்து நிற்கும் நிலையில் திருகை முடுக்குவேன். தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. தாளை உருவிய பின் ப்ளேடு அந்த அளவுக்கு மேலே நிற்கும், மைக்காவைத் தொடாது. மிச்சமிருக்கும் மெல்லிய விளிம்பை 320 உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். கூடுதலாக முடுக்கக் கூடாது. திருகு பிடிப்பது பிளாஸ்டிக்கில், மரை போனால் போனதுதான். எனக்கு ஒரு மரை போய்விட்டது. அந்த இடத்தில் சற்றே தடித்த திருகு போட்டு ஓட்டுகிறேன்.

பசை ஒட்டிய ப்ளேடைத் தின்னரில் துடைப்போம். அதைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும். ஒருமுறை ட்ரிம்மரோடு சேர்த்துத் துடைத்ததில் உடம்பின் உள்முகம் பிசுபிசுவென்று இளகிவிட்டது. ஒட்டிய கையோடு சீவினாலும் ப்ளேடெல்லாம் பசையாகும். நான் மறுநாள் காலையில்தான் சீவுகிறேன்.

ஒரு நடுத்தர கிச்சனுக்கு எங்களுக்கு 80 மீட்டர் அளவில் டேப் போகும். இரண்டு கிச்சன் முடிந்ததும் சுருளைப் பார்க்கிறேன், உடைய ஆரம்பித்தால் மாற்றிவிடுகிறேன். அதிலும் ஒரு விஷயம் பிந்தித்தான் புரிந்தது. நாங்கள் மூவருமே வலக்கைக்காரர்கள், எப்போதும் ஒரே திசையில்தான் தள்ளுவோம். அதனால் இரண்டு ப்ளேடு மழுங்கியிருக்கும்போது மற்ற இரண்டும் புதிதாகவே இருக்கும். ட்ரிம்மரைத் திருப்பிப் பிடித்தால் அதே செட்டில் இன்னும் இரண்டு கிச்சன் முடித்துவிடலாம்.

0.8 மி.மீ. கனமுள்ள டேப் வரை இதை நம்பிப் பயன்படுத்துகிறேன். 1 மி.மீ. என்றால் ப்ளேடு புதிதாக இருக்க வேண்டும். 2 மி.மீ. டேப்புக்கு இது வேண்டாம், பேரிங் பிட் (நுனியில் உருளும் வளையம் உள்ள வெட்டு முனை) போட்ட மின்சார ட்ரிம்மர்தான் சரி. 6 மி.மீ. தண்டுள்ள பிட்டைக் கால் இஞ்ச் காலெட்டில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) மட்டும் போட்டுவிடாதீர்கள். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. நிமிடத்துக்கு 30,000 சுற்றில் பிட் நழுவினால் ஷட்டரும் போகும், கையும் போகும்.

ஆறாவது செட் போன வாரம்தான் பொருத்தினேன். ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அதற்கு ஜோடி இன்னும் கிடைக்கவில்லை. அந்த அம்மா வீட்டில் இந்த மாதம் பூஜை அலமாரி வேலை, அடர் காப்பி நிற டேப். நேற்று இரண்டு ஷட்டர் சீவினேன், சுருள் அறுபடாமல் வந்தது. ஹீட் கன்னை எடுக்கவே இல்லை.