டிராப்டவுன்ல ஜேசன் டேட்டா: லூப்பா, டேட்டாசோர்ஸா?

செவ்வாய்பேட்டைல ஒரு வெள்ளிக் கொலுசு பட்டறைக்கு சிஷார்ப்ல பில்லிங் ஆப் பண்ணப்போ, டிராப்டவுனை நிரப்ப லூப், டேட்டாசோர்ஸ்னு ரெண்டு வழியுமே பாத்துட்டேன். டிசைன் லிஸ்ட் ஜேசனா (டேட்டாவை எழுத்தா அனுப்புற ஒரு ஃபார்மட்) டவுன்லோட் ஆகும், ஒவ்வொண்ணுலயும் பேரும், டிசைனை அடையாளம் காட்டுற கோடும் (code) இருக்கும்.

முதல்ல லூப் ஓட்டி பேரை மட்டும் காம்போபாக்ஸ்ல, அதான் அந்த டிராப்டவுன்ல, ஆட் பண்ணேன். அஞ்சு நிமிஷ வேலைதான், ஆனா ஒரே பேர்ல ரெண்டு டிசைன் வந்ததும் மாட்டிக்கிச்சு, எதை செலக்ட் பண்ணாலும் பேரை வெச்சு தேடுறதால முதல் கோடே பில்லுல விழுந்துது, வெள்ளி வேலைல இது பெரிய தப்புங்க.

அப்புறம் ஒரு கிளாஸ் எழுதி, ஜேசனை அந்த கிளாஸோட ஆப்ஜெக்ட்டா மாத்தி (டீசீரியலைஸ்), டிஸ்ப்ளேமெம்பர்ல (திரைல தெரியுறது) பேரு, வேல்யூமெம்பர்ல (பின்னாடி இருக்குற மதிப்பு) கோடு குடுத்து லிஸ்ட்டை டேட்டாசோர்ஸ்ல போட்டேன். செலக்டட்வேல்யூ கேட்டா சரியான கோடு வருது. இதுலயும் ரெண்டு எடத்துல கவனம் வேணும். டாட்நெட்லயே வர்ற ஜேசன் லைப்ரரி சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசன் சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் பாக்கும், ஃபீல்ட் பேரு ஜேசன்ல சின்ன எழுத்துலயும் கிளாஸ்ல பெரிய எழுத்துலயும் ஆரம்பிச்சா எர்ரரே வராம லிஸ்ட் முழுக்க வெத்து வரியா நிக்கும், அந்த செக்கை ஆப்ஷன்ல ஆஃப் பண்ணுங்க. இன்னொரு ஜேசன் லைப்ரரியான நியூட்டன்சாஃப்ட்ல இந்தத் தொல்லை இல்ல. இன்னொண்ணு, டேட்டாசோர்ஸ் போட்ட உடனே செலக்ஷன் மாறுற ஈவென்ட் ஓடிடும், அதனால லிஸ்ட்டை நிரப்பிட்டு அப்புறமா ஈவென்ட்டை மாட்டுங்க.

ஊர் பேரு மாதிரி வெறும் எழுத்து மட்டும்னா லூப்பே போதும். கோடு, விலைன்னு பின்னாடி ஏதாவது இருந்தா டேட்டாசோர்ஸ்தான்.